கணக்கெடுப்பது வேறு, காது கொடுப்பது வேறு

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த காற்று இடையிடையே 120-ஐத் தொட்டது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கீற்றுக் கொட்டகைகளும் ஓட்டு வீடுகளும் ஒரே இரவில் கூரை இழந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுத்தடுத்த நாட்களில் அந்தக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தவர்கள் ஏராளம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், ஊராட்சிச் செயலர், தோட்டக்கலைத் துறை, கட்சிக்காரர்கள், தொண்டு நிறுவனங்கள், நிருபர்கள். வந்தவர்கள் கையில் நோட்டு இருந்தது, இல்லாவிட்டால் கேமரா இருந்தது. கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "என்னென்ன போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பத்து முறை பதில் சொன்னவர், மனதில் இருப்பதை ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார். நோட்டு திறந்திருக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனுதாரர் ஆகிவிடுகிறார். எது எழுதப்படுமோ அதைச் சொல்கிறார். எதற்குப் பணம் வருமோ அதை அழுத்திச் சொல்கிறார். அதில் தவறே இல்லை. ஆனால் நோட்டோடு வந்தவர் அதே மூச்சில் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால், அதற்கு வரும் பதிலும் மனுவாகத்தான் இருக்கும். பேரிடருக்குப் பின் ஆறுதல் சொல்லப் போகும் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கணக்கெடுப்பையும் காது கொடுப்பதையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில் செய்ய வேண்டும். ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டியிருந்தால், படிவத்தை முதலில் முடித்து, நோட்டை அவர்கள் பார்க்கப் பைக்குள் வைத்துவிட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "எழுதுற வேலை முடிஞ்சுதும்மா. இனிமே நீங்க சொல்றதை நான் எழுதப் போறதில்ல."

கிளறிக் கேட்பது பற்றி ஒரு தெளிவு வேண்டும். நடந்ததை எவ்வளவு சீக்கிரம் முழுவதுமாகக் கொட்ட வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நீண்ட நாள் இருந்தது. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து, பார்த்தது, நினைத்தது, உணர்ந்தது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்ல வைப்பார்கள். 2002-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு அந்த முறையால் பலன் இல்லை என்றது. அதில் அடங்கிய ஓர் ஆய்வில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள் பேசவைக்கப்படாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு அந்தப் பாதையை விட்டு மூன்று வேலைகளைச் சொன்னது: பார், கேள், இணை. ஆபத்தும் அவசரத் தேவையும் இருக்கிறதா என்று பார்ப்பது, அவர்கள் சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது, தேவையான உதவியோடும் உறவுகளோடும் இணைத்துவிடுவது. இதற்கு மனநல மருத்துவப் பட்டம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வழியை எடுத்ததும் இதனால்தான். வெளியூர் மருத்துவர் சில வாரங்களில் திரும்பிவிடுவார்; அங்கன்வாடிப் பணியாளர் அங்கேயே இருப்பார்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. காலையில் மரம் அறுக்கவும், தார்ப்பாய்க்கும் குடிநீர் லாரிக்கும் வரிசையில் நிற்கவும் ஆட்கள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தால் அன்றைய குடம் தண்ணீர் அவர் கையை விட்டுப் போகும். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு ஓரளவு ஓய்வு கிடைக்கும். ஆண்கள் மனைவி முன்னால் பேச மாட்டார்கள். அவர்களை மாலையில் டீக்கடையிலோ விழுந்த தோப்பின் வரப்பிலோதான் பிடிக்க முடியும். மருமகள் மாமியார் முன்னால் பேச மாட்டார். ஆகவே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் கேட்கும்போது மற்றவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், கூடிவிடும் அக்கம்பக்கத்தாரோடு தள்ளி நின்று பேசலாம்.

ஒரு நாளைக்கு நான்கு குடும்பங்கள் போதும்; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் கேட்பவரின் முகம் களைத்துவிடும், ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக் கதையோடு கலந்துவிடும். "உங்க பையன்தானே சிங்கப்பூர்ல இருக்கான்?" என்று பிள்ளையே இல்லாதவரிடம் கேட்டுவிட்டால், அதுவரை கேட்ட ஒரு மணி நேரமும் வீண்.

அவர்கள் தரையில் இருந்தால் நாமும் தரையில். நாற்காலி எடுத்துப் போட்டால் மரியாதையாக மறுத்துவிட்டுப் பாயில் உட்காரலாம். நேருக்கு நேர் உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால், அழுகை வரும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் இருக்கும். பள்ளிக்கூட முகாம்களில் தனியிடம் கிடைக்காது; வராந்தாவின் கடைசியோ மரத்தடியோ போதும், பிறர் கண்ணில் படும்படி, காதில் விழாதபடி. கொட்டாங்கச்சி அடுப்பில் டீ போட்டுத் தந்தால் வாங்கிக் குடியுங்கள். இருப்பதெல்லாம் போன வீட்டில் விருந்தாளிக்கு ஒரு டம்ளர் டீ கொடுப்பது பெரிய காரியம், "உங்களுக்கே இல்ல, எனக்கு எதுக்கு?" என்று மறுப்பது அவர்களை இன்னும் ஒரு படி கீழே இறக்கிவிடும்.

முதல் பேச்சு நம்மைப் பற்றியதாக, சுருக்கமாக, உண்மையாக இருக்க வேண்டும். "ஐயா, நாங்க சர்க்கார் ஆளுங்க இல்ல. நிவாரணம் எழுத வரல. பணமோ பொருளோ எங்களால வாங்கித் தர முடியாது. எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம். பேச மனசில்லன்னா இன்னொரு நாள் வர்றோம்." இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மற்றவர்களிடம் முதல் கேள்வி "அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?" என்று இருக்கக் கூடாது. "இப்ப எங்க படுக்குறீங்க? வீட்டுல எல்லாரும் ஒரே இடத்துலதான் இருக்கீங்களா?" என்பது போல இன்றைய நாளைப் பற்றியதாக இருக்கட்டும். அந்த இரவுக்கு அவர்களாகவே போவார்கள், போக விரும்பினால். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் வாயில் வரும் "சாப்பிட்டீங்களா?" என்பதை மட்டும் யோசித்துக் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு போனதை யாரும் மொத்தமாகச் சொல்வதில்லை. பொருள் பொருளாகச் சொல்வார்கள். சீரில் வந்த பித்தளை அண்டா, மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், தொட்டில் கட்டிய உத்தரம், இறந்துபோன கணவரின் ஒரே புகைப்படம். படிவத்தில் இவை எதற்கும் கட்டம் கிடையாது. இங்கே கேட்பவர் செய்ய வேண்டியது, அந்த வரிசையில் எந்தப் பொருளில் குரல் மாறுகிறதோ அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பது. "அந்த அண்டா எந்த ஊர்ல வாங்குனது ஆத்தா?" அவ்வளவுதான். அதிலிருந்து திருமணம், மாமியார், வீடு கட்டிய வருஷம், கடன் என்று எல்லாம் வரும். அடுத்த முறை போகும்போது அதே கதை மறுபடி வரும். "போன தடவையே சொன்னீங்களே" என்று வெட்டாதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறை விட்டுப்போன ஏதோ ஒன்று சேர்ந்திருக்கும். சில இழப்புகளுக்குக் கைவைத்தியமும் உண்டு. கணவரின் புகைப்படம் போய்விட்டது என்றால், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் அந்த முகம் எங்காவது இருக்கும். கைபேசியில் எடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்து அவரை மட்டும் தனியாக வெட்டிப் பிரிண்ட் போட்டுத் தரலாம். அதிகச் செலவில்லாத இந்த வேலையை எந்த நிவாரணப் பட்டியலும் செய்யாது.

டெல்டாவில் வீட்டைப் பற்றிக் கேட்டால் தோப்பைப் பற்றிப் பேசுவார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னைதான் வருமானம், மகளுக்குச் சீர், முதுமைக்குச் சோறு. நெட்டை ரகம் காய்க்கத் தொடங்கவே ஆறேழு வருஷம் ஆகும். அறுபது வயதுக்காரரிடம் "மறுபடி கன்னு வச்சுக்கலாம்யா" என்றால், அவர் மனதில் ஒரு கூட்டல் கணக்கு ஓடும். விடை அவரை இன்னும் உடைக்கும். கஜாவில் விழுந்த தென்னை மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. பணத்தைப் பற்றிப் பேசுவதை ஆறுதலுக்குப் புறம்பானதாக நினைக்காதீர்கள். நகைக் கடனும் கூட்டுறவுச் சங்கக் கடனும் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் துக்கம்.

நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டு உள்ளே போய்க் குத்தும் வாக்கியங்கள் சில உண்டு. "உயிர் பொழைச்சீங்களே, அதுவே பெருசு" என்றால், வீட்டுக்காக அழுவது குற்றம் என்று அவர் காதில் விழும். "பக்கத்து ஊருக்கு இதைவிட மோசம்" என்பது துக்கத்துக்குத் தராசு பிடிப்பது. "எனக்குப் புரியுது" என்பவரைப் பார்த்து அவர் மனம் சொல்லும், சாயங்காலம் நீ உன் வீட்டுக்குப் போய்விடுவாய் என்று. "அழாதீங்க" என்பது பெரும்பாலும் நம் சங்கடத்தைத் தீர்க்கச் சொல்வது. "சர்க்கார் பாத்துக்கும்" என்பது நம் கையில் இல்லாத வாக்கு. "எல்லாம் விதி" என்று அவரே சொன்னால் மறுக்க வேண்டாம். நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம். இவற்றுக்குப் பதிலாக ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "முப்பது வருஷ வீடு" என்று அவர் சொன்னால், "முப்பது வருஷம்" என்று அவர் சொல்லையே திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தலாம். அமைதி நீண்டால் நீளட்டும். அவர் கண் துடைத்து முடிக்கும்வரை தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டாதீர்கள்; நீட்டினால் போதும் நிறுத்து என்று அர்த்தமாகிவிடும்.

குற்ற உணர்ச்சிக்குத் தனிக் கவனம் தேவை. ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன், பத்திரத்தை டிரங்குப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன், அப்பாயியை முகாமுக்கு வற்புறுத்தி அழைத்துப் போயிருக்க வேண்டும் என்றெல்லாம் ஒருவர் சொல்வார். "உங்க மேல தப்பே இல்ல" என்று உடனே சொன்னால் அது ஒட்டாது. அன்றைக்கு அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று மெதுவாகக் கேட்பது பலன் தரும். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கும். முடிந்தது என்று நம்பி வெளியே வருவார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவர் இரண்டாவது காற்றில் விழும். இதைப் பழக்கமில்லாதவர் ஊகிக்க முடியாது. அந்த இயல்பை விளக்கிச் சொன்னால், "அப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்தே வரும். நாம் சொல்லும் மன்னிப்பைவிட அது வலியது.

சரியான தகவல் ஆறுதலில் பெரும் பங்கு. வீடா குடிசையா, முழுச் சேதமா பகுதிச் சேதமா என்ற ஒரு சொல்லில் குடும்பத்தின் அடுத்த வருஷம் தீர்மானமாகிறது. 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறையில், சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. இந்த வேறுபாடு தெரியாத குடும்பம், தன் பெயரை யாரோ வேண்டுமென்றே குறைத்து எழுதிவிட்டதாக நினைத்து உறவைப் பகைத்துக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்கள் தனி அடுப்பு வைத்து வாழ்ந்திருக்கும். ரேஷன் கார்டு ஒன்றாக இருந்தால் நிவாரணமும் ஒன்றாகிவிடும், சண்டை அங்கே தொடங்கும். புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருந்தவர்களுக்கு வீடு போன துக்கத்தோடு, இனி இந்த இடத்தில் கட்டவிடுவார்களா என்ற பயமும் சேரும். அதை அவர்கள் வெளியே சொல்லவே தயங்குவார்கள். எனவே கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்: வி.ஏ.ஓ. அலுவலக நேரம், விண்ணப்பத்துக்கு என்ன இணைக்க வேண்டும், ரேஷன் கார்டு, ஆதார், மதிப்பெண் சான்றிதழ் நகல் எங்கே வாங்குவது, முறையீடு யாரிடம் செய்வது. கிரயப் பத்திரம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்ற ஒரு வரி, பல நாள் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "விசாரிச்சுட்டு வியாழக்கிழமை வர்றேன்" என்றால் வியாழக்கிழமை போய் நிற்க வேண்டும், பதில் கிடைக்காவிட்டாலும்.

எந்தத் தெருவில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். வாகனம் போகும் பெரிய தெருவிலேயே நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் காலனிக்கு நிவாரணம் போல ஆறுதலும் கடைசியில்தான் போய்ச் சேரும். சுனாமியின்போது தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. முதல் நாளே காலனியில் தொடங்குவது ஒரு நல்ல விதி. தனியாக வாழும் விதவைகள், உப்பளத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகள் ஆகியவற்றை ஊரில் விசாரித்துத் தேடித்தான் போக வேண்டும்.

இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். கூரைக்குப் பதிலாகக் கட்டிய தார்ப்பாய், சின்னக் காற்றுக்கும் படபடவென்று அடித்துக்கொள்ளும். புயலில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் போதும், நெஞ்சு படபடத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓரங்களைச் சணல் கயிற்றால் ஒரு முழத்துக்கு ஒரு கட்டு என்று இறுக்கி, மேலே குறுக்கே இரண்டு கயிறு ஓட்டினால் சத்தம் பெருமளவு அடங்கும். இப்படிக் கட்டிக் கொடுப்பதும் ஆறுதல்தான். தூக்கமின்மை, திடுக்கிடல், எரிச்சல், சாப்பாடு இறங்காமை எல்லாம் முதல் வாரங்களில் பலருக்கும் வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும் என்று சொல்வது அவர்களை நிம்மதிப்படுத்தும். தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அறிவுறுத்தியது. அதைவிட அவசரம், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள் வீட்டோடு போய்விட்டனவா என்று கேட்பது. வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநோய் மருந்துகளும் நிற்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

"இருந்து என்ன பிரயோசனம்?" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். கஜாவுக்குப் பிறகு தென்னை விழுந்த வேதனையில் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. "சாகணும்னு தோணுதாண்ணே? எப்படின்னு ஏதாவது யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பாரம் இறங்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டிலோ கொட்டகையிலோ இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, இரவில் கூட ஒருவரைப் படுக்கச் சொல்லி, மறுநாள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ அரசு தலைமை மருத்துவமனைக்கோ கூடவே போக வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம் என்று நாம் கொடுக்கும் வாக்கு இந்த ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது, இதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கடந்தும் குளிக்காமல், வேலைக்குப் போகாமல், பிள்ளைகளைக் கவனிக்காமல் இருப்பவரையும், குடி திடீரென ஏறியவரையும் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

குழந்தைகளுக்குப் பள்ளி திறப்பதைவிடப் பெரிய மருந்து கிடையாது. படுக்கையை நனைத்தால் அடிக்க வேண்டாம், கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்று தாயிடம் சொல்லுங்கள். புயலை வரையச் சொல்லிக் காகிதம் கொடுப்பதைத் தவிருங்கள், விருப்பமானதை வரையட்டும். முகாமில் வளரிளம் பெண்கள் கழிப்பறை, நாப்கின் பற்றி அப்பா முன்னால் சொல்ல மாட்டார்கள். குழுவில் உள்ள பெண் அவர்களைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

கூட்டம் மூன்று நான்கு வாரங்களில் கலைந்துவிடும். குடும்பங்கள் நிஜமாகவே நொறுங்குவது அதற்குப் பிறகு, நிவாரணப் பணம் செலவாகி, சுவர் பாதியில் நிற்கும்போது. கஜா அடித்து இரண்டு மாதத்தில் பொங்கல் வந்தது, பொங்கல் பானை வைக்க வாசல் இல்லாத வீடுகளுக்கு. அந்த வாரத்தில் போவது பத்து முந்தைய வருகைகளுக்குச் சமம். கடைசி முறை போகும்போது, இது கடைசி என்று முன்கூட்டியே சொல்லி, ஊரிலேயே இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆசிரியரையோ அவர்கள் முன்னால் அறிமுகம் செய்துவிட்டு வர வேண்டும். அடுத்த அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்போது, பழைய பயம் முழுதாகத் திரும்பும். அப்போது ஒருமுறை போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து, பத்திரங்களைக் கனமான பாலித்தீன் உறையில் போட்டு ஓரத்தை மெழுகுவத்தியில் உருக்கி ஒட்டுவது, எந்தப் பள்ளி முகாம், யார் முதியவரைக் கைபிடித்து அழைத்துப் போவது, ஆடுமாட்டை எந்த மேட்டில் அவிழ்த்துவிடுவது என்று வரிசையாகப் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.